நிலுவையில் நாலு கிரேட்டு

முழங்காலில் கம்பி வைத்த பிறகு
தரை எனக்குத் தூரமாகிவிட்டது.
கை தவறி விழுந்த சாவியை எடுக்க
மகள் பள்ளிவிட்டு வரவேண்டும்.
அதனால்தான் தோட்டத்தை
நெஞ்சுயரத்துக்குத் தூக்கிக் கட்டினேன்.

பென்னாகரம் ரோட்டில் மாடி வீடு,
முன்புறம் ஆறடிக்கு மூன்றடி.
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்றார் வீட்டுக்காரர்.
துணி காயக் குறுக்கே விட்ட
இரும்புக் குழாயைப் பற்றி
ஒன்றும் சொல்லவில்லை.

நாலு நீலக் கிரேட்டு.
மண்டிக்குத் திருப்பாமல் வீட்டிலேயே கிடந்தவை.
உள்ளே சாக்கு விரித்து
செம்மண் ஒரு பங்கு, நார்த்தூள் இரண்டு பங்கு.
மண்ணை மட்டும் நிரப்பினால் குழாய் வளைந்துவிடும்.
செடி தெரியாது எனக்கு, பாரம் தெரியும்.
தார்ப்பாய்க் கயிறு, லாரி முடிச்சு:
இழுக்க இழுக்க இறுகும்,
தெரிந்த கைக்கு மட்டும் அவிழும்.

தொங்குகிற செடிக்குத் தாகம் அதிகம்.
அடியிலும் காற்று, பக்கத்திலும் காற்று.
ஆடியில் காலை ஊற்றிய ஈரம்
மத்தியானம் விரலில் ஒட்டுவதில்லை.
ஒகேனக்கல் தண்ணீர் குடிப்பதற்கே காணாது.
போர்த் தண்ணீர் விட்டால்
கிரேட்டின் ஓட்டைகளில் வெள்ளையாய் உப்புப் பூக்கிறது.
கோகிலவாணி அரிசி களைந்த நீரை
ஒரு சொட்டு சிந்தாமல் கொண்டுவந்து நீட்டுவாள்.
'உன் பிள்ளைகளுக்கு' என்பாள்,
சிரிக்காமல்.

புதினா முதல் மாதமே விளிம்பு தாண்டியது.
கொத்தமல்லி இரண்டு முறை ஏமாற்றியது.
கற்பூரவல்லி யாரையும் கேட்காமல் வளர்ந்தது.
நாலாவதில் தக்காளி.

பாலக்கோட்டிலிருந்து ராத்திரி ராத்திரியாய்
பன்னிரண்டு வருஷம் தக்காளி ஏற்றிப் போனவன்.
விலை விழுந்த நாட்களில்
ஏரிக்கரையில் கவிழ்த்துவிட்டுத்
திரும்பிப் பார்க்காமல் வந்ததும் உண்டு.
ஒரு செடியைத் தொட்டதில்லை.
இலையை நிமிண்டினால் விரலில் பச்சை வாசம் ஒட்டும்,
சோப்புக்கும் போகாது என்று
நாற்பத்து மூன்று வயதில்தான் தெரிந்தது.

தொப்பூர் இறக்கத்தில்
பிரேக் பிடிக்காத அந்த இரவு
ரோடெல்லாம் சிவப்பு.
ஓடிவந்தவர்கள் அலறினார்கள்.
அவர்கள் ரத்தமென்று நினைத்ததில்
முக்கால்வாசி நாட்டுத் தக்காளி.

போன வெள்ளிக்கிழமை பச்சையப்பன் வந்தான்,
மண்டிக் கணக்கு எழுதுகிறவன்.
கால் எப்படி என்று கேட்டான்.
டீ குடித்தான்.
பிறகு நோட்டைப் பிரித்தான்.
என் பேருக்கு நேரே
இன்னும் நாலு கிரேட்டு நிற்கிறதாம்.

தேடவேண்டிய அவசியம் இருக்கவில்லை.
முதலாளியின் மூன்றெழுத்து, வெள்ளைப் பெயிண்டில்,
ஓரெழுத்தைப் புதினா மூடியிருந்தது.

பழக்க தோஷம், தக்காளியை எண்ணினான்.
பதினொன்று.
கட்டை விரலால் ஒன்றை அழுத்தி
'ரெண்டாம் தரம்' என்றான்.
'செங்காயிலேயே பறிச்சிருக்கணும்.'
கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான்.
'ஒண்ணாவது கொண்டுபோனாத்தாண்ணா
வந்தேன்னு நம்புவாரு.'

எதை என்று நான் கேட்கவில்லை.
அவன் கை தக்காளிக் கயிற்றில் இருந்தது.
முடிச்சு அவனுக்கு அவிழவில்லை.
நான்தான் அவிழ்த்தேன்.

செடியோடு, மண்ணோடு, பதினொன்றோடு
பைக்கின் பின்சீட்டில் வைத்து
நானே கட்டினேன்.
கீழே இறங்க இருபத்திரண்டு படி,
பக்கவாட்டில், ஒவ்வொன்றாக.
இரண்டு வருஷத்துக்குப் பிறகு
நான் ஏற்றிவிட்ட முதல் லோடு.
ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை.

'வளைவுல மெதுவா போ' என்றேன்.
'தக்காளி தானேண்ணா' என்றான்.

நோட்டில் இப்போது மூன்று.
பாரம் குறைந்த குழாய்
ஒரு பக்கமாய்க் கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது.
அன்றைக்குப் புதினாவுக்கு
நீர் விட மறந்துபோனேன்.